மிஷின் இல்லாமல் ஐஸ்கிரீம்: கோபியில் ஒரு கோடை

ஏப்ரல் 12

மாமாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் நின்றுபோனது. வடை, போண்டா போனதற்கெல்லாம் அவர் கவலைப்படவில்லை. ஐஸ்கிரீம் ஒன்றைத்தான் விடாமல் கேட்கிறார். "ஏம்மிணி, கொழுப்புக் கம்மியா வீட்லயே ஒண்ணு பண்ண முடியாதா?" சர்க்கரை நோய் இல்லை, அந்த மட்டும் தப்பித்தோம்.

நம் நாட்டு விதிப்படி ஐஸ்கிரீம் என்று சும்மா போட வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 2.5-க்கும் 10-க்கும் நடுவில் இருந்தால் மீடியம் ஃபேட், 2.5-க்குள் என்றால் லோ ஃபேட். ஃப்ரோசன் டெசர்ட் என்று போட்டிருந்தால் அதில் தாவரக் கொழுப்பு இருக்கிறது என்று பொருள். கோனைப் பார்த்து வாங்குகிறோமே தவிர அந்தச் சின்ன எழுத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நமக்கு நீலம் போதும். ஆனால் அதில் சர்க்கரை போட்டு அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் பால் ஐஸ்தான் கிடைக்கும். நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். கொழுப்பு இருந்தால் ஐஸ் துகள்களுக்கு நடுவில் புகுந்து அவற்றைப் பெரிதாக விடாது. கொழுப்பை எடுத்தால் தண்ணீருக்கு வேறு கடிவாளம் போட வேண்டும். கடைக்காரர் போடும் பவுடர்கள் எல்லாம் அதற்குத்தான்.

ஏப்ரல் 13

கடிவாளம் ஒன்று: பாலைக் குறுக்குவது. குல்ஃபிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். அடி கனமான பாத்திரத்தில் 1 லிட்டர் நீலப் பாலை ஊற்றி, சிறு தீயில் 600 மில்லி வரும் வரை காய்ச்சினேன். பால்கோவா வாசனை எட்டிப் பார்க்கும்போதே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மேல் எந்தப் பழம் போட்டாலும் எடுபடாது. லிட்டருக்கு 30 கிராம் கொழுப்பு என்றால் குறுக்கிய பிறகு சுமார் 5 சதவீதம். க்ரீம் ஒரு சொட்டு கூடச் சேர்க்கவில்லை, ஆனால் கரண்டியில் ஒட்டுகிறது.

கடிவாளம் இரண்டு: ஒரு பெரிய ஸ்பூன் கார்ன்ஃப்ளவர். ஆறின பாலில் கரைத்து ஊற்றி, கட்டாயம் ஒரு கொதி வர வேண்டும். வேகாத மாவு தண்ணீரைப் பிடிக்காது, பச்சை வாசனையும் போகாது. சர்க்கரை 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், கொழுப்பு குறைந்த பண்டத்தில் அதுதான் ருசியைத் தூக்குகிறது.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை. நன்றாகக் குளிர்ந்த கலவைதான் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால்தான் துகள் சிறிதாக இருக்கும்.

ஏப்ரல் 14

சித்திரைக் கனி பார்த்து, கோயிலுக்குப் போய்வந்து, அப்புறம்தான் கலவையை எடுத்தேன். ஒப்பிடுவதற்காகக் குறுக்காத பாலையும் சர்க்கரை போட்டு ஒரு டப்பாவில் ஊற்றினேன். இரண்டும் அகலமான எவர்சில்வர் டப்பா, முன்கூட்டியே ஃப்ரீசரில் குளிரவைத்தது. இரண்டு விரல் உயரத்துக்கு மேல் ஊற்றவில்லை. பிளாஸ்டிக்கை விட எவர்சில்வரில் குளிர் சீக்கிரம் ஏறும்.

முக்கால் மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால் கிளற வேண்டும். ஓரம்தான் முதலில் உறையும். அதைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளி, அடித்துக் கலக்கி, மறுபடி மூடி. மூன்று மணி நேரம் இப்படி. மிஷின் செய்கிற வேலையும் இதுதான்: உறையும்போதே துகளை உடைப்பது, காற்றை உள்ளே விடுவது.

சாயங்காலம் குறுக்காத டப்பா நறநற என்று பல்லில் சத்தம் போட்டது. குறுக்கியது கரண்டிக்கு வளைந்து கொடுத்தது. மாமா இரண்டையும் தின்று பார்த்து, "இது ஐஸ்கிரீமு, அது ஐஸு" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஏப்ரல் 16

கனிக்கு வைத்த வாழைப்பழங்கள் கறுக்கத் தொடங்கிவிட்டன. வில்லை வில்லையாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ராத்திரி உறையவிட்டேன். காலையில் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் முதலில் ரவையாக உதிரும். அதோடு விட்டுவிடாமல், மிக்ஸியை நிறுத்தி ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் ஓட்ட வேண்டும். சட்டென்று ஒரு நொடியில் திரண்டு வழவழப்பாகிவிடும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், கிளறலும் வேண்டாம். ஆனால் அப்போதே தின்றுவிட வேண்டும், திரும்ப வைத்தால் இறுகிப்போகும். பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்தது. எனக்கு வாழைப்பழ வாசனை கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 20

பொள்ளாச்சியிலிருந்து தங்கை போன். "தேங்காய்ப் பால்ல பண்ணுக்கா, லேசா இருக்கும்." லேசாவது! கெட்டியான முதல் பாலில் கொழுப்பு 20 சதவீதத்தைத் தொடும். கடை ஐஸ்கிரீமைப் போல் இரண்டு மடங்கு. பாலுக்கு மாற்றாகத் தேடுகிறவர்களுக்கு அது சரி, மாமாவுக்கு ஆகாது. இளநீர் வழுக்கை வேண்டுமானால் அனுப்பு என்றேன். வழுக்கையை இளநீரோடு அரைத்துக் குச்சி ஐஸாகத்தான் ஊற்றினேன். அதில் தண்ணீர்தான் பெரும்பங்கு, ஐஸ்கிரீமாக்க மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

ஏப்ரல் 27

இதுவரை செய்ததில் இதுதான் முதலிடம். நீலப் பாலில் உறைகுத்திய தயிரை வெள்ளை வேட்டித் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டால், காலையில் பாதிக்கு மேல் தண்ணீராக இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீரில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். கட்டித் தயிர் 300 கிராம், நார் இல்லாத மாம்பழக் கூழ் 300 கிராம், சர்க்கரை 80 கிராம், உப்பு. மிக்ஸியில் ஒரு சுற்று, அப்புறம் டப்பா, கிளறல். தயிர்ப் புளிப்பும் மாம்பழ இனிப்பும் சேர்ந்தால் க்ரீம் ஞாபகமே வருவதில்லை. மாமா டப்பா ஓரத்தை விரலால் வழித்தார். அத்தை பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை (பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறதே, அதே ஊர்ச் சரக்கு) போட்டு ஒரு டப்பா செய்தேன். பால் முழுக்க ஆறின பிறகே சேர்க்க வேண்டும், கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடலாம். வெள்ளைச் சர்க்கரையில் செய்ததை விட மென்மையாக நின்றது. நாட்டுச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கொஞ்சம் இருக்கும், அவை உறைநிலையை இன்னும் கீழே தள்ளும். "இனிப்பைப் பாதியாக்கலாமே" என்று கேட்கிறவர்களுக்கு இதே பதில்தான்: பாதியாக்கினால் கல்லாக உறையும். வேண்டுமானால் கிண்ணத்தைச் சிறிதாக்குங்கள்.

மே 8

மாதாந்திர மின்தடை, சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. பிள்ளைகளோ ஐஸ்கிரீம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஐஸ் வாங்கிவந்து சாக்கில் போட்டு நொறுக்கினோம். பெரிய குண்டாவில் மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. நடுவில் கலவை ஊற்றிய தூக்குப்போசி. உப்புப் பட்ட ஐஸ் கரைய வெப்பம் வேண்டும், அதைப் போசியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். நன்றாகக் கலந்தால் குளிர் மைனஸ் 20 வரை இறங்கும், வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18-ஐ விடக் கீழே. 1843-ல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற அம்மாள் காப்புரிமை வாங்கிய கைச்சுற்று மிஷினும் இந்த உப்பு ஐஸை வைத்து ஓடியதுதான்.

பிள்ளைகள் முறை வைத்துப் போசியை இப்படியும் அப்படியும் திருப்ப, நான் நடுநடுவே துணியால் மூடியைத் துடைத்துத் திறந்து ஓரத்தைச் சுரண்டிவிட்டேன். ஒரு துளி உப்புத் தண்ணீர் உள்ளே விழுந்தால் போசி முழுக்கப் போச்சு. அரை மணியில் கெட்டியானது. ஃப்ரீசரில் செய்ததை விட இதுதான் வழவழப்பு, சந்தேகமே இல்லை. குண்டாவில் மிஞ்சிய தண்ணீரை மட்டும் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று அத்தை கத்தினார். சாக்கடையில்தான் கொட்டினோம்.