மேப்புல போடாம விட்ட பேருங்க

கேரளாவுல இருக்குற சின்னாறு வனவிலங்கு சரணாலயத்துக்கு மேப் முடிச்சு குடுத்து நாளாச்சு, ஆனா கூட வந்த காட்டு வாச்சர் அண்ணன் கேட்டதுக்கு நான் சொன்ன பதில் சரிதானான்னு இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. பாம்பாற்றை ஒட்டி நடக்கும்போது பாறை, ஊத்து, யானை இறங்குற தடம்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிட்டே வந்தாரு, நானும் எல்லாத்தையும் ஜிபிஎஸ்ல ஏத்தினேன். பிரிண்ட்டை காட்டினா, "நான் சொன்ன பேரு ஒண்ணையும் காணோமே தம்பி?"

"போட்டா டூரிஸ்ட் வந்துருவாங்கங்ண்ணா."

"அப்போ தூவானம் மட்டும் போட்டிருக்கு?"

"அந்த அருவி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே."

"எல்லாரும்னா யாரு?"

நான் பேச்சை மாத்திட்டேன். காரணம் இல்லாம ஒண்ணும் செய்யல. உடுமலை - மூணாறு ரோட்டுல ஒரு இடம் ஃபோன்ல ஏறிட்டா அடுத்த சனி ஞாயிறே அங்க பாட்டில் கிடக்கும், நட்சத்திர ஆமை கடத்துறவனுக்கு அது எங்க மேயுதுன்னு தெரிஞ்சா போதும். கேரளாவோட 44 ஆத்துல கிழக்க ஓடுறது மூணுதான், அதுல பாம்பாறு ஒண்ணு, நம்ம அமராவதி டேமுக்கு வர்ற தண்ணி, அதோட கரையாவது சும்மா கிடக்கட்டும்னுதான் நினைச்சேன்.

ட்ரெய்னிங்ல அமெரிக்காவோட 1964 வனாந்தரச் சட்டத்தைக் காட்டுவாங்க, அங்க மனுஷன் வந்துட்டுப் போற விருந்தாளி, தங்குறவன் இல்லன்னு இருக்கும். மலை, பாலைவனம்னு பெரிய பெரிய நிலத்தை அப்படித்தான் காப்பாத்துறாங்க, அதை நான் குறை சொல்லல (அந்த நிலத்துலயும் முன்னாடி ஆளுங்க இருந்தாங்கங்கிறது வேற கதை). ஆனா சின்னாறு சரணாலயத்துக்குள்ளயே முதுவர், மலைப்புலையர்னு பழங்குடிகளோட ஊருங்க இருக்கு, குடின்னு சொல்வாங்க. 2006 வன உரிமைச் சட்டத்துல அவங்க காட்டு மேல உரிமை கேக்கணும்னா மேப்பும் ஒரு ஆதாரம். பேரே இல்லாத என் மேப்பைக் காட்டி இங்க யாருமே புழங்கலைன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா? அதே சட்டத்துல பெரியவங்க வாக்குமூலமும் ஆதாரம்தான்னு சமாதானம் சொல்லிக்கிறேன். அந்தப் பெரியவங்க எத்தனை வருஷம் இருப்பாங்க?

இப்ப பேரெல்லாம் ஆபீஸ் எக்ஸெல்ல இருக்கு. போன வாரம் ஒரு வ்லாகர் அந்த லிஸ்ட் கிடைக்குமான்னு கேட்டான், முடியாதுன்னேன், அப்போ நான் செஞ்சது சரின்னுதான் தோணுச்சு. அப்புறம் பாத்தா, அந்த அண்ணன் வந்து கேட்டாலும் சார்கிட்ட கேட்டுட்டுதான் நான் குடுக்கணும்.

அடுத்த பிரிண்ட்டுக்கு முன்னாடி குடிகளுக்குப் போய் கேட்டுரலாம்னு சார்கிட்ட சொன்னேன். ஒரு குடி போடுன்னு சொல்லி, பக்கத்து குடி வேணாம்னா என்ன பண்ணுவன்னாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.