நாசில் வாய்க்குக் கீழே சில சென்டிமீட்டர்

பயிருக்கு மருந்து தெளிக்கும்போது நாசிலிலிருந்து, அதாவது தெளிப்பானின் நுனித் துளையிலிருந்து, துளிகளே வெளிவருகின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். விசிறி வடிவ நாசிலுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து உற்றுப் பார்த்தபோதுதான், வெளிவருவது கண்ணாடி போன்ற மெல்லிய நீர்த்தகடு என்பதும், அது கீழிறங்க இறங்க மெலிந்து, அலைபாய்ந்து, கிழிந்து, இழைகளாகிப் பிறகே துளிகளாக அறுபடுகிறது என்பதும் புரிந்தது.

துளியின் அளவு இந்தக் கிழிசலில்தான் முடிவாகிறது. அழுத்தத்தைக் கூட்டினாலும் விசிறியின் கோணத்தை அகலமாக்கினாலும் தகடு மெலிந்து துளிகள் சிறுக்கும். துளை பெரிதானால் தகடு தடித்துத் துளிகளும் பெரிதாகும். இதுவரை சிக்கலில்லை.

தொட்டியில் கலப்பவற்றால்தான் கணக்கு குழம்புகிறது. நீரின் பரப்பு இழுவிசை, அதாவது பரப்பைச் சுருக்க முயலும் விசை, 20 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 73 மில்லிநியூட்டன். மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காகக் கலக்கும் ஒட்டுதிரவம் அதை 30 வரைகூட இறக்கிவிடும் என்பதால் துளிகளும் வெகுவாகச் சிறுக்கும் என எதிர்பார்ப்போம். ஆனால் அந்த எண் அசையாத நீரில் அளந்தது. தகட்டின் ஆயுளோ சில மில்லிவினாடிகள், அதற்குள் ஒட்டுதிரவத்தின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை புதிய பரப்பை வந்தடைவதேயில்லை, அதனால் துளிகள் நினைத்த அளவுக்குச் சிறுப்பதுமில்லை. எண்ணெய்ப் பால்மம், அதாவது நீரில் எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்த பால் போன்ற கலவை, இன்னும் விசித்திரமானது: தகடு தடிமனாக இருக்கும்போதே அதில் ஆங்காங்கே ஓட்டைகள் விழச் செய்வதால், துளிகள் பெரிதாகின்றன.

ஒரு 400 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) துளியின் கொள்ளளவில் 100 மைக்ரான் துளிகள் 64 அடங்கும். இலையை மூட அப்படிச் சிறு துளிகளாவது நல்லதுதான். ஆனால் 100 மைக்ரான் துளி, தொடக்க வேகத்தை இழந்தபின் வினாடிக்குக் கால் மீட்டர் அளவிலேயே இறங்குகிறது. அரை மீட்டர் இறங்க 2 வினாடி. வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் அதற்குள் 6 மீட்டர் தள்ளிப் போய்விடும். பெரிய துளிகளோ முட்டைக்கோஸ் போன்ற மெழுகு இலையில் பட்டுத் தெறித்துவிடுகின்றன.

நாசில் அட்டவணைகளில் காணும் துளி வகைப்பாடு பொதுவாக வெறும் நீரைத் தெளித்து அளந்தது. ஆகவே நான் தெளிக்கப்போகும் கலவையையே நீர்பட்டால் நீலமாகும் மஞ்சள் தாளில் விழவிட்டுப் பார்க்கிறேன். அதிலும், ஒட்டுதிரவம் இருந்தால் புள்ளி கூடுதலாகப் பரவித் துளியைப் பெரிதாகக் காட்டும். எனவே புள்ளிகளின் எண்ணிக்கையை நம்புகிறேன், அகலத்தை அவ்வளவாக நம்புவதில்லை.