எலி தின்ற ஓட்டைக்கும் சதுர அடிக் கணக்கு

கம்பளம் சுத்தம் செய்யும் தொழிலுக்கு மெஷின் வாங்கிவிடலாம், ஷாம்பு வாங்கிவிடலாம், ஆளும் கிடைத்துவிடும். ரேட் சொல்வதுதான் பெரும்பாடு. அதிலும் எங்கள் செட்டிநாடு பர்மா வரை போய் வட்டிக்கணக்கு எழுதிய குடும்பங்கள் இருக்கும் சீமை. இங்கே ஒரு தொகையைச் சொல்வதற்கு முன்னால் தொண்டை தானாகவே ஒருமுறை கனைத்துக்கொள்கிறது.

காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் ரேட்டைச் சொல்லப்போவதில்லை. அதனால் வாடிக்கையாளர் மாதிரி மதுரைக்கும் திருச்சிக்கும் போன் போட்டேன். ஒருவர் சதுர அடிக்கு 12 ரூபாய் என்றார். இன்னொருவர் 25 என்றார். அடுத்தவர் ரேட்டுக்கே வராமல் "எந்த ஊருங்க?" என்று கேட்டார். கானாடுகாத்தான் என்றேன். "செட்டிநாட்டு வீடா சார்? அது நேர்ல பார்த்துத்தான் சொல்லணும்" என்றார். அதுவரை 'ங்க' மட்டும் போட்டவர் 'சார்' போட ஆரம்பித்துவிட்டார். மரியாதை கூடினால் பில்லும் கூடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் 15 என்று வைத்தேன். கூடவே எவ்வளவு சின்ன வேலையானாலும் குறைந்தது 1000 ரூபாய். நாலுக்கு ஆறு விரிப்பு ஒன்று 24 சதுர அடி, அதாவது 360 ரூபாய். அதற்காக வாடகைக் குட்டியானையில் மெஷினை ஏற்றி, கையாளுக்குக் கூலியும் டீயும் கொடுத்துப் போய்வந்தால், அதற்குப் பேர் தொழில் இல்லை, தர்மம்.

இப்படித் தெளிவாகத் திட்டம் போட்டுக்கொண்டுதான் பள்ளத்தூருக்குப் போனேன். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக்கிடக்கும் வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பளம் அந்த வீட்டு ஐயா ரங்கூன் காலத்தில் வாங்கியதாம். டேப்பைப் பிடித்தேன். ஒன்பதுக்குப் பன்னிரண்டு, 108 சதுர அடி. "1620 ரூபா வருது ஆச்சி."

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கம் பேனாவை வைத்தார்.

"குஞ்சத்தையும் சேர்த்தா அளந்தீங்க தம்பி?"

"கம்பளத்தோட சேர்ந்ததுதானே ஆச்சி."

"நடக்குறது கம்பளத்து மேல. குஞ்சத்து மேல யாரு நடக்குறா?"

இரண்டு பக்கமும் அரையரை அடி குஞ்சம் போய் 99 ஆனது. அப்புறம் ஆச்சி குனிந்து ஒரு மூலையை மடித்துக் காட்டினார். எலி தின்ற ஓட்டை. என் டேப்பை வாங்கி அவரே அளந்தார். ரெண்டுக்கு ஒன்று.

"இல்லாத இடத்தை எப்படித் தம்பி கழுவுவீங்க?"

"ஓட்டை ஓரத்துலதான் ஆச்சி வேலையே ஜாஸ்தி. மெஷின் இழுத்தா நூல் பிரிஞ்சு வந்துரும்."

"அப்ப அங்க மெஷினை வைக்காதீங்க. வேலை மிச்சம்தானே?"

97 சதுர அடி, 1455 ரூபாய் என்று எழுதி அடியில் கோடும் போட்டாகிவிட்டது. கணக்கில் ஒரு பைசா தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

சாயம் நிற்குமா என்று பார்க்க வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் அழுத்தி எடுத்தேன். துணி வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து வந்தது. வெந்நீர் மெஷினை இதில் வைத்தால் பூவும் கொடியும் ஒன்றாகக் கரைந்துவிடும். தண்ணீர் வேண்டாம், தூசியை மட்டும் முழுசாக எடுத்து, மேலே ஈரத்துணியால் ஒற்றித் துடைக்கிறேன் என்றேன். பேனா மறுபடி எழுந்தது. "தண்ணி இல்ல, ஷாம்பு இல்லங்கிறீங்க. அதுக்கு எம்புட்டுக் கழிக்கிறது?"

பதில் சொல்லாமல் ப்ளக் தேடப் போய்விட்டேன். அத்தனை பெரிய வீட்டில் 15 ஆம்ப்ஸ் ப்ளக் பின்கோடியில் இருக்கும் சமையல்கட்டில், கிரைண்டர் பக்கத்தில் ஒன்றே ஒன்று. சமையல்காரர் உளுந்து ஆட்டி முடிக்கும்வரை காத்திருந்து, வளவு என்கிற நடுமுற்றம் வரைக்கும் வொயரை இழுத்தேன். வொயர் நீளத்துக்கும் அடிக்கணக்கில் ரேட் போடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வாயைத் திறக்கவில்லை.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழக்கூடாதென்று தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கம்பளத்தைக் குப்புறப் போட்டு, முதுகில் தட்டினோம். இந்தத் தொழிலின் சூட்சுமமே இதுதான். அழுக்கில் பெரும்பங்கு ஈரக்கறை இல்லை, நூலின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும் உலர்ந்த மண். மேலே எத்தனை தடவை கூட்டினாலும் அது வராது. தூக்கிப் பார்த்தால் தார்ப்பாயில் செம்மண் மேடு. அதை அப்படியே முறத்தில் அள்ளி ஆச்சி முன்னால் வைத்தேன்.

ஆச்சி விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "இது எங்க மாமியா காலத்து மண்ணு. தெனமும் நானே நின்னு கூட்டுறேன், நானே நின்னு கூட்டுறேன்னு என் உசிரை வாங்குனாக. பார்த்தீகளா தம்பி, கூட்டுன லட்சணத்தை!"

உள்ளே இருந்த நாத்தனாரைக் கூப்பிட்டு முறத்தைக் காட்டினார். அதோடு பேரம் முடிந்தது. 1500 ரூபாயாக, மீதி கேட்காமல் கொடுத்தார். மாமியார் மட்டும் ஒழுங்காகக் கூட்டியிருந்தால் எனக்கு 1200கூடத் தேறியிருக்காது.

கல்யாண மகால் வேலை இத்தனை சுவாரசியமில்லை. அங்கே பவானி ஜமக்காளம்தான், உருப்படிக்கு இவ்வளவு என்று பேசினால் தீர்ந்தது. மஞ்சள் கறைக்கு வெயிலில் போட்டாலே போதும், வெளுத்துவிடும். சூரியன் பில் போடுவதில்லை.

பழைய வீட்டை ஓட்டலாக்கி நடத்தும் ஓர் இடத்தில் மேனேஜர் ஜிஎஸ்டி பில் கேட்டார். சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம் வரவு தாண்டினால்தான் பதிவு வேண்டும், நான் அந்தத் திசையிலேயே இல்லை என்றேன். "அப்ப அந்த 18 பர்சென்ட்டைக் குறைச்சுக்கங்க" என்றார். நான் போடாத வரியை நானே தள்ளுபடி செய்ய வேண்டுமாம்! அவரை ஆச்சியிடம் ஒரு வாரம் விட்டு எடுக்கலாம், ஆனால் அவருக்கு அது தேவையே இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி என்னைத் தேவகோட்டையில் ஒரு சொந்தக்காரருக்குச் சொல்லியிருக்கிறார். அந்த ஆச்சி போனில் வணக்கத்துக்கு அடுத்துச் சொன்ன வார்த்தை: "எங்க கம்பளத்துல ரெண்டு ஓட்டை இருக்கு தம்பி, அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க."

உடனே ரேட் கார்டு அடிக்கக் கொடுத்தேன். சதுர அடிக்கு 15, குறைந்தபட்சம் 1000, குஞ்சம் இலவசம், ஓட்டைக்குக் கழிவு கிடையாது. அச்சகத்துக்காரர் கடைசி வரியை இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, பஞ்சர் கடையா வைக்கப் போறீங்க?"