9 வயதானால் 20 வீதம்

"உங்கள் செல்லப்பிராணிக்கு 9 வயது ஆவதால்" என்று தொடங்கியது கடிதம். பிறந்தநாள் வாழ்த்தாக்கும் என்று மகன் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். அடுத்த வரியில் குரல் இறங்கிவிட்டது. இனிமேல் மைலோவின் வைத்தியச் செலவில் 20 வீதம் எங்கள் தலையிலாம். மாத இன்சூரன்ஸ் கட்டணமும் ஏறியிருந்தது.

"நாய்க்கு இன்சூரன்சோ? எனக்கே ஒருத்தரும் போடேல்லை," என்றார் அம்மா.

"உங்களுக்கு அரசாங்க வைத்தியம், என்எச்எஸ் இருக்கம்மா. மருந்தும் காசில்லாமல் தருகினம். இவனுக்கு ஆர் தருகினம்?"

இவனைக் குட்டியாக வாங்கிய நாளிலேயே விசாரித்துத்தான் எடுத்தோம். விபத்துக்கு மட்டும் தருகிற மலிவான பொலிசி உண்டு. ஒரு வருத்தத்துக்கு 12 மாதம் மட்டும் தந்துவிட்டுக் கையை விரிக்கிறதும் உண்டு. நாங்கள் எடுத்தது 'ஆயுட்கால' வகை. இடையில் விடாமல் புதுப்பித்தால், செலவு வரம்பும் வருடாவருடம் புதிதாகத் தொடங்கும். ஆனால் பெயரில்தான் ஆயுள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. விலையையும் நிபந்தனையையும் அவர்கள் ஒவ்வொரு வருடமும் மாற்றலாம். அது முதல் நாளே எழுதித்தான் இருந்தது.

என் கணவர் கடித உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பில் 600 பவுண் என்றால் முதல் 100 முன்பும் எங்களுடையதுதான், அது எக்ஸஸ். மிச்சம் 500இல் 20 வீதம், இன்னொரு 100. போன வருடம் 100 கொடுத்த இடத்தில் இனி 200. கட்டணத்துக்குள் அரசாங்கத்தின் 12 வீத வரி வேறு.

"அப்ப வேற கொம்பனிக்கு மாறுங்கோவன்," என்றார் அம்மா. மாற வழியில்லை என்பதுதான் என் முழு எரிச்சலும். மைலோவுக்கு முன்பு இடது பின்னங்காலில் முழங்கால் நார் அறுந்து சத்திரசிகிச்சை செய்தது. புதுக் கொம்பனிக்கு அது 'ஏற்கனவே இருந்த நோய்', ஒரு சதமும் தராது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. சோடியாக உள்ள உறுப்புகளில் ஒன்று பழுதானால் இரண்டும் ஒரே கணக்காம்! துள்ளி ஓடுகிற வலது காலும் நோயாளியாகிவிட்டது. போன மாரியில் காதைச் சொறிகிறான் என்று நான் கதையோடு கதையாகச் சொன்னதுகூட மிருக வைத்தியரின் குறிப்பில் ஏறியிருக்கிறது. அந்தக் குறிப்பைத்தான் புதியவர்களும் கேட்டு வாங்குவார்கள்.

வீட்டுக்கும் காருக்கும் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூட வாங்கக்கூடாதென்று இன்சூரன்ஸ்காரரைக் கண்காணிக்கிற பிரித்தானிய நிதி நடத்தை ஆணையம் 2022 ஜனவரியில் விதி கொண்டுவந்தது. நாயும் பூனையும் அதற்குள் வரவில்லை. விட்டுப்போக முடியாதவனிடம்தான் விலையைக் கூட்டலாம் என்பது ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவருக்கும் தெரிந்த விஷயம்.

லண்டனுக்கு நாங்கள் பழகிவிட்டோம். விடியக் காலமை பிளாஸ்ரிக் பையோடு நாயின் பின்னால் போய், குனிந்து அள்ளி, முடிச்சுப்போட்டு, எதிரே வருகிறவருக்குக் காலநிலையைப் பற்றி இரண்டு வார்த்தையும் சொல்லுவேன். முதல் தரம் பார்த்தபோது அம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் பழைய நாய் ஜிம்மிக்குப் பையுமில்லை, பட்டியுமில்லை. மத்தியானச் சோற்றில் மீன்தலை, இரவுக்குப் புட்டின் அடி. காயம் வந்தால் அப்பா மஞ்சள் அரைத்துப் பூசுவார்; மிச்சத்தை அது தானே நக்கி ஆற்றிக்கொள்ளும். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது, முற்றத்தில் ஒரு பெரிய சட்டி நிறையச் சோறு வைத்துவிட்டுத்தான் அம்மா படலையைச் சாத்தினார். ஜிம்மி சட்டியை மணந்தும் பார்க்கவில்லை. வேலியால் பூந்து சந்தி மட்டும் சைக்கிளோடு ஓடிவந்தது. அப்பா இறங்கி அதட்டினார். அதற்கு மேல் சனத்துக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது சட்டி மட்டும் கிடந்தது.

மைலோவுக்கு மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்று அம்மா பிறகு கேட்கவேயில்லை. எக்ஸஸைக் கூட்டினால் கட்டணம் கொஞ்சம் குறையும் என்றார்கள். அப்படியே செய்து அதே கொம்பனியில் நின்றுவிட்டோம். தடுப்பூசி தவறினால் அந்த நோய்களுக்குக் காசு வராது, பல்லையும் வருடாவருடம் காட்டவேண்டும் என்பதால் போன கிழமை கொண்டுபோனோம். அம்மாவும் வந்தார்.

எப்படி இருக்கிறான் என்று டொக்டர் கேட்டதும் நான் வாயைத் திறக்க முதல் அம்மா என் கையை நுள்ளினார். "குட், வெரி குட்," என்று அவரே பதில் சொன்னார். டொக்டர் சொண்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். கடைவாயில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தேங்காய்ப்பூ.

"பிள்ளை, அதையும் எழுதுறாளோ எண்டு பார்," என்றார் அம்மா.