கிரேடு 1-ஐத் தாண்டினோம்: கடைசித் தடைக்கு அப்பாலும் ஓடுங்கள்

ஞாயிறு மாலை நாலே முக்காலுக்கு முடிவுத் தாளை ஒட்டினார்கள். கிரேடு 1 அஜிலிட்டி, மீடியம், முதலிடம்: மிளகு. மிளகு என் காக்கர் ஸ்பானியல் நாய். அஜிலிட்டி என்பது நாய் தடைகளைக் கடக்க, கூடவே ஆள் வழிகாட்டி ஓடும் போட்டி; கிரேடு 1 அதன் முதல் படி, மீடியம் நடுத்தர உயர நாய்களின் பிரிவு. அந்த ஒரு வரிக்காகப் பதினான்கு மாதம் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நான் பெரிய நிபுணனைப் போலப் பேசத் தொடங்கிவிடுவேன்.

போட்டிகளை நடத்தும் பிரிட்டன் நாய் அமைப்பான கென்னல் கிளப்பின் விதிகள், உயரப் பிரிவுகள், எதற்கு எத்தனை ஃபால்ட் (தவறுப் புள்ளி) என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அஜிலிட்டியில் ஒரு வெற்றி கிடைக்காமல், ஜம்பிங்கில் (ஏறி இறங்கும் தடைகள் இல்லாத ஓட்டம்) மூன்று முறை ஜெயித்தாவது கிரேடு 2-க்குப் போய்விடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம்வரை நானும் அதே கணக்கில்தான் இருந்தேன்.

இடம் இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் ஒரு குதிரைப் பயிற்சி மையம். ஜனவரியில் அங்கே எட்டு மணிக்குத்தான் விடிகிறது. வயல்வெளி முழுக்க வெள்ளை உறைபனி. கார் நிறுத்துமிடத்தில் டார்ச் வெளிச்சத்தில் நாய்களை நடத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே மணல் தளம், தகரக் கூரை, இரண்டு ரிங் (ஓடும் களம்). அஜிலிட்டியே 1978இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைத் தாண்டலைப் பார்த்து, இடைவேளைக் கேளிக்கையாகத் தொடங்கியதுதான். ஆகவே குதிரைக் கொட்டகையில் ஓடுவது மரபுக்குப் பொருத்தமே. ஆனால் மணலில் புதைந்திருக்கும் சாணத்தின் வாசனை காக்கர் ஸ்பானியலுக்கு விருந்துச் சாப்பாடு. சனிக்கிழமை முதல் ஓட்டத்தில் மிளகு மூன்றாவது தடைக்கும் டன்னலுக்கும் (நாய் நுழைந்து ஓடும் குழாய்) நடுவே நின்று, தலையைக் குனிந்து, பதினொரு விநாடி மணலை ஆராய்ந்தாள். அந்த ஓட்டத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது ஓட்டம்தான் இன்னும் வலிக்கிறது. ஏ-ஃப்ரேமில் (கூரை போன்ற சரிவுப் பலகை) கட்டாயம் மிதிக்க வேண்டிய மஞ்சள் பகுதியைத் தெளிவாக மிதித்து இறங்கினாள். சீசா (ஏற்ற இறக்கப் பலகை) தரையைத் தட்டும்வரை காத்திருந்தாள். வரிசையாக நட்ட பன்னிரண்டு வீவ் கம்பங்களுக்கு இடையே ஒன்று விடாமல் வளைந்து நுழைந்து வந்தாள். மீதி இரண்டே தடை. கடைசிக்கு முந்தையதை அவள் தாண்டியதும் என் மனதில் ஓட்டம் முடிந்துவிட்டது. “சபாஷ்” என்றேன், கால் நின்றுவிட்டது. கடைசித் தடைக்கு ஒரு முழம் முன்னால் அவளும் நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்தாள். நடுவரின் கை உயர்ந்தது. ரெஃப்யூசல், அதாவது தடையைத் தாண்ட மறுத்தது, 5 ஃபால்ட். அப்படி நின்று திரும்பியும்கூட என் நேரம் முதலிடம் பெற்றவரின் நேரத்தைவிட 2 விநாடி குறைவு.

காரில் உட்கார்ந்து நாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டத்தை வீடியோ எடுத்திருந்த மகள் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். “அப்பா, முதலில் நின்றது நீங்கள்தான்” என்றாள். நான்கு முறை போட்டுப் பார்த்தேன். என் தோள் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் மிளகின் தலை திரும்புகிறது.

காரணம் அன்றிரவு விடுதியில்தான் பிடிபட்டது. தடத்தை நடந்து பார்க்கக் கொடுக்கும் நேரத்தில் நான் எப்போதும் கடைசித் தடைவரை நடந்து, அங்கேயே நின்று திரும்பிவிடுவேன். எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். அரட்டை நடக்கும் இடமும் அதுதான். பதினான்கு மாதமாக அந்த இடத்தில் நிற்பதற்குத்தான் என் காலைப் பழக்கியிருக்கிறேன்.

ஞாயிறு காலை மாற்றிச் செய்தேன். நாயில்லாமல் கையை ஆட்டிக்கொண்டு மணலில் ஓடும் முப்பது பேர் நடுவே நானும் ஓடினேன், ஆனால் கடைசித் தடையைத் தாண்டி இன்னும் ஏழு அடி, வெளியேறும் வழியில் நாயின் கயிற்றைப் போட்டுவைக்கும் வாளிவரை. ஐந்து முறை. இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறந்தாலும் பரவாயில்லை: நடந்து பார்ப்பதைக் கடைசித் தடையில் முடிக்காதீர்கள், கயிற்றில் முடியுங்கள்.

மற்றவை, தோன்றிய வரிசையில்:

- வரிசையில் நிற்கும்போது யாருடனும் பேசாதீர்கள். பேசினால்தான் பதற்றம் குறையும் என்பவர்கள் உண்டு. நான் அந்த வகையல்ல.
- குளிரில் நாயைக் காரிலிருந்து நேராக ரிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பத்து நிமிட நடை, பிறகு சிறு ஓட்டம். நாயின் மேல்சட்டையை, உங்களுக்கு முன்னால் கடைசி இரண்டு பேர் இருக்கும்போது கழற்றினால் போதும்.
- தீனியும் பொம்மையும் ரிங்குக்கு வெளியே. கோட்டுப் பையை இருமுறை தடவிப் பாருங்கள்.
- இரண்டு ஜோடிக் காலுறை. நாய்க்கல்ல, உங்களுக்கு.
- வீவ் கம்பங்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். மிளகுக்கு அது தானாக வந்தது.

கட்டளைகளைப் பற்றி ஒன்று. வீட்டில் தமிழ் பேசுவதால் இவளுக்கும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தோம். டன்னலுக்கு ‘பொந்து’, ஏ-ஃப்ரேமுக்கு ‘ஏறு’. பயிற்சி வகுப்பில் இதற்காக நிறையக் கிண்டல் கேட்டிருக்கிறேன். ஞாயிறு அன்று பக்கத்து ரிங்கில் ஒருவர் “டன்னல், டன்னல்” என்று கூரை அதிர அலறினார். எனக்கு முன்னால் ஓடிய நாய் நேராக எங்கள் ரிங்கின் டன்னலுக்குள் போய்விட்டது. தவறான தடை, எலிமினேட்: அந்த ஓட்டமே தள்ளுபடி. அந்தச் சொல் மிளகின் காதில் ஏறவே இல்லை.

எங்கள் ஓட்டம் 34 விநாடிச் சொச்சம். டாக் வாக் என்ற உயர நடைபலகையின் முடிவில் அவள் கால் மஞ்சளில் பட்டதா என்று எனக்கே சந்தேகம். நடுவரின் கை உயரவில்லை. சென்ற மாதம் வேறொரு போட்டியில் நன்றாக மிதித்து இறங்கியதற்கே கை உயர்த்தினார்கள். ஆகவே கணக்கு நேர் என்று எடுத்துக்கொள்கிறேன். கடைசித் தடை வந்தது. நான் பார்க்கவே இல்லை, வாளியைப் பார்த்து ஓடினேன். பின்னால் கம்பு விழும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மிளகு ஏற்கெனவே கயிற்றின் ஒரு நுனியைக் கவ்வியிருந்தாள்.

முதலிடத்துக்குக் கிடைத்த சிவப்பு ரோசெட்டின் (நாடாவால் செய்த பரிசுப் பூ) ஒரு நாடா திரும்பும் வழியில் அவள் வயிற்றுக்குள் போயிருக்கலாம் என்று மகள் சொல்கிறாள். பிப்ரவரிப் போட்டிக்குக் கிரேடு 1 என்றுதான் பெயர் கொடுத்திருக்கிறேன். மாற்றச் சொல்லிச் செயலருக்கு எழுத வேண்டும். அதற்கு முன் நாடாவின் மீதியை இருக்கைக்கு அடியில் தேட வேண்டும்.