5 மணி அலாரமும் 10 மணி விளக்கும்

கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டில், இனி தினமும் காலை 5 மணிக்கு எழுந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் எங்கள் மேலாளர். நாங்கள் 9 மணிக்கு வந்து கணினியைத் திறக்கும்போது அவர் அன்றைய வேலையில் பாதியை முடித்திருப்பார். மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் எல்லாரும் பதறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் நிதானமாகப் பேசுவார். "எப்படி சார் முடியுது?" என்று ஒருநாள் கேட்டேன். "காலையில சீக்கிரம் எழுந்திடுவேன்" என்றார். இரவு எத்தனை மணிக்குப் படுப்பார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்றே அலாரத்தை 5 மணிக்கு வைத்தேன். படுப்பது மட்டும் வழக்கம்போல 12 மணி. முதல் வாரம் உற்சாகமாகத்தான் போனது. இரண்டாவது வாரத்தில் திரையில் இருக்கும் எண்கள் மனதில் நிற்க மறுத்தன. ஒரே வரியை மூன்று முறை படித்தேன். ஆனாலும் உடம்பு பழகிவிட்டது என்றே நம்பினேன். மூன்றாவது வாரம், ஒரே இன்வாய்ஸை இரண்டு முறை பதிந்து, இரண்டுக்கும் பணம் அனுப்பச் சொல்லி ஒப்புதலுக்கு வைத்துவிட்டேன். சரிபார்த்த சக ஊழியர் பார்த்துவிட்டதால் பணம் வெளியே போகவில்லை. அப்படி ஒரு தவறை அதற்கு முன் நான் செய்ததே இல்லை. அன்று முழுக்கக் கை நடுங்கியது.

அப்புறம்தான் தூக்கத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு என்னைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது. தொடர்ந்து 14 நாட்கள் இரவில் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று: தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டோம் என்று அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. நான் 'பழகிவிட்டது' என்று நினைத்ததும் அதுதான். போதாக்குறைக்கு, கனவுகள் நிறைந்த தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வருகிறது. 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்த நான் அந்தப் பகுதியைத்தான் தினமும் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

மேலாளரிடம் மறுபடி போய்க் கேட்டேன். "பத்து மணிக்கு விளக்கை அணைச்சிடுவேன். அதுக்கு மேல யார் கூப்பிட்டாலும் காலையிலதான்" என்றார். சீக்கிரம் எழுவதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தனக்கு வகுத்துக்கொண்ட அட்டவணையிலும் காலை 5 மணிக்கு எழுவது இருக்கிறது, இரவு 10 மணிக்குப் படுப்பதும் இருக்கிறது. முழுதாக 7 மணி நேரத் தூக்கம். நாம் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிடுகிறோம்.

அதனால் இந்த முறை இரவிலிருந்து தொடங்கினேன். மிகக் கடினமாக இருந்தது இதுதான். பகல் முழுதும் அடுத்தவர் கேட்டதைச் செய்துவிட்டு வருபவருக்கு, இரவு 10 முதல் 12 வரைதான் தனக்கென்று இருக்கும் நேரம். அதைக் கொடுக்க மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்கிறேன் என்று ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சரி என்று, படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்தினேன். மாலைக் காபியை விட்டேன். குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். வெளிச்சம் வந்ததும் ஜன்னலருகில் நின்றேன். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஒன்றரை மாதத்தில் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்தது.

இரவு 2 மணி முதல் 6 மணி வரையான பொழுதுக்கு வைகறை என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது தமிழ். அந்தப் பொழுதின் கடைசி ஒரு மணி நேரம் எனக்குத் தந்தது என்ன? யாரும் எதுவும் கேட்காத நேரம். எழுந்த முதல் அரைமணிக்கு எண்களைத் தொடமாட்டேன், தூக்க மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்காது. அதற்குப் பிறகு, முந்தைய நாள் பொருந்தாமல் விட்ட கணக்கை எடுப்பேன். ஒரு மதியம் முழுக்கத் தேடியும் சிக்காத வித்தியாசம் 20 நிமிடத்தில் சிக்கியிருக்கிறது: இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. ஒன்றே ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். மெயிலைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த ஒரு மணி நேரமும் அடுத்தவருடையதாகிவிடும்.

சீக்கிரம் எழுந்தால் வெற்றி நிச்சயம் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். விடியுமுன் தெருவைக் கூட்டுபவரும், முதல் பேருந்தை எடுக்கும் ஓட்டுநரும் எந்த நிறுவனத் தலைவருக்கும் முன்பே எழுகிறார்கள். அவர்கள் வாழ்க்கையை யாரும் வெற்றிக்கதையாக எழுதுவதில்லை.

இன்னொரு தவறும் செய்தேன். இது இன்வாய்ஸைவிடப் பெரியது. சில ஆண்டுகளில் நானே ஒரு குழுவுக்குப் பொறுப்பாளரானேன். காலை 8.30க்கு மீட்டிங் வைத்தேன். இளைஞர் ஒருவர் தினமும் சோர்ந்த முகத்தோடு வந்து உட்காருவார், வாய் திறக்கமாட்டார். ஆண்டு மதிப்பீட்டில் 'ஈடுபாடு போதாது' என்று எழுதினேன். குழுவிலேயே பிழையில்லாத தாள்கள் அவருடையவை என்பதும், எல்லாம் இரவு 7 மணிக்கு மேல் அனுப்பப்பட்டவை என்பதும் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

2017இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தது, பழ ஈக்களை வைத்து, தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் இந்த உடல் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான். கடிகாரம் எல்லாருக்கும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரம் காட்டுவதில்லை. அதில் பிறப்புக்கும் வயதுக்கும் பங்கு இருக்கிறது. பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் அது பின்தங்கியே ஓடும், வயது ஏற ஏற முன்னால் நகரும். எனக்கு 5 மணி எளிதாக வாய்த்ததில் என் முயற்சிக்கு எவ்வளவு பங்கோ, என் உடம்பின் வாகுக்கும் அவ்வளவு பங்கு. அதை வைத்து நான் இன்னொருவரை அளந்திருக்கிறேன்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களைத் தப்பா எடைபோட்டுட்டேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. எழுதிய மதிப்பீட்டை மாற்ற முடியவில்லை. அடுத்த ஆண்டுதான் சரிசெய்ய முடிந்தது. மீட்டிங்கை 11.30க்கு மாற்றினேன். முதல் வாரத்திலேயே அவர் பேசினார்.

இப்போது மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் அவர் இரவு 8 மணிக்கு முடித்து வைக்கும் தாள்களை நான் காலை 5.45க்குத் திறக்கிறேன். பிழை இருந்தால் குறித்து வைப்பேன். பெரும்பாலும் இருப்பதில்லை.