வேதாரண்யம் – கோடியக்கரை: உப்பளத்தை ஒட்டி ஒரு சாலை

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வரும் மாநில நெடுஞ்சாலை வேதாரண்யத்தோடு முடிந்துவிடுவதில்லை. கோடியக்கரைக் கடல் வரை இன்னும் பத்துப் பதினொரு கிலோமீட்டர் ஓடுகிறது. மான் பார்க்கப் போகிறவர்கள் இந்தத் துண்டைக் கால்மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். அரை நாளாவது இதற்குக் கொடுக்க வேண்டும் என்பேன்.

அகஸ்தியம்பள்ளியை நெருங்கும்போதே காற்றில் உவர்ப்பு ஏறிவிடுகிறது. கண்ணுக்கெட்டும் தூரம் வரை பாத்திகள். உவர்நீரைத் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, படிந்ததை வாரிக் குவிக்கிறார்கள். வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. வரப்பில் நின்ற ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். “வெயில் ஏறுறதுக்குள்ள வாரிடணும் தம்பி” என்றார், கை நிற்கவேயில்லை. பாதமெல்லாம் வெடிப்பு. நம் வீட்டு உப்பு ஜாடிக்குப் பின்னால் இருப்பது இந்த உழைப்பு.

இங்கேதான் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் நிற்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். 28ஆம் தேதி வேதாரண்யம். 30ஆம் தேதி உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் அசரவில்லை. உணவுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். சாலையோரத்தில் ஒரு பெரிய மரத்தைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பொட்டலங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

உப்பளம் முடிய, கோடியக்காடு. குழகர் கோயிலில் கொஞ்சம் நின்றேன். கடற்காற்று அறையும் கரையில், பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் இந்தச் சிவனுக்காகக் கவலைப்பட்டுப் பாடியிருக்கிறார். இன்றும் காற்று குறையவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். காட்டில் மரங்கள் சாய்ந்தன, உப்பளங்களில் வெள்ளமும் சேறும் புகுந்தன. அத்தனையும் தாங்கி ஊர் மறுபடி உப்பு விளைவிக்கிறது.

அப்புறம் 1967இல் அமைந்த சரணாலயம். வெளிமான்கள், மட்டக்குதிரைகள், பாலை மரங்கள் – இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

பறவைகளுக்காகப் போவதென்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை. உப்பு வாருவதைப் பார்க்க மழை ஓய்ந்து வெயில் பிடித்த பங்குனிதான் சரி. விடிகாலையிலேயே அகஸ்தியம்பள்ளிக்குப் போய்விடுங்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடங்கள்.